கப்பல், விமானம், பாமாயில்: நம் பட்டணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் ஆயர் தாவாரிலிருந்து லுமுட் கடற்படைத் தளம் அதிகத் தூரமில்லை. சுற்றுவட்டாரமெல்லாம் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் லுமுட் கப்பல் கட்டுந்துறைக்கு வெல்டிங் வேலைக்குப் போகிறார்கள், சிலர் கடற்படையிலேயே இருக்கிறார்கள். நான் தளத்தின் பொருட்கிடங்கில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பந்தியிலும் என்னிடம் படைத்தளவாடக் கேள்விகள் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துப்போனதால் எழுதி வைக்கிறேன். கருத்துகள் என்னுடையவை, கடற்படையுடையவை அல்ல.

லுமுட்டில் கட்டிக்கொண்டே இருக்கிறார்களே, அந்தக் கப்பல்கள் எப்போதுதான் ஓடும்?

முதலிடம் எப்போதும் இந்தக் கேள்விக்குத்தான். எல்.சி.எஸ். என்று சொல்லப்படும் கரையோரப் போர்க்கப்பல்கள் ஆறு கட்டுவதாகத் திட்டம். ஏறத்தாழ 900 கோடி ரிங்கிட். திறந்த டெண்டர் இல்லை. நேரடிப் பேச்சுவார்த்தை முறையில் 2011-இல் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். முதல் கப்பல் 2019-இல் கையில் கிடைத்திருக்க வேண்டும். 2017-இல் விழா எடுத்து, மகாராஜா லேலா என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். நம் பேராக் மாநிலத்துக்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். 1875-இல் பாசிர் சாலாக்கில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச்சைக் கொன்ற வழக்கில் தூக்கிலிடப்பட்ட தலைவர்.

2022 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டபோதுதான் ஊருக்கே விவரம் தெரிந்தது: 608 கோடி ரிங்கிட் கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பல்கூடக் கைக்கு வரவில்லை. 2023-இல் அரசு கணக்கை மாற்றியது. ஆறு ஐந்தானது, செலவு 1,120 கோடி ரிங்கிட் ஆனது, கட்டுந்துறையும் அரசின் கைக்குப் போனது. அப்போது போட்ட அட்டவணைப்படி முதல் கப்பல் 2026-இல் வரவேண்டும்.

ஓடுமா என்று கேட்டால், ஓடும் என்றுதான் நினைக்கிறேன். கட்டுந்துறை ஆட்களின் கைத்திறனை நான் குறை சொல்லமாட்டேன். வெல்டிங் செய்பவன் செய்யும் தவறைத் திருத்திவிடலாம். வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்த மேசையில் நடந்த தவற்றைத் திருத்தப் பத்து ஆண்டுகள் போதவில்லை. கடற்படை கேட்டது டச்சு நாட்டின் சிக்மா வடிவம். முடிவானது பிரான்சின் கோவிண்ட். இரண்டில் எது உயர்ந்தது என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம், இரண்டுமே நல்ல கப்பல்கள்தான். ஆனால் கடலுக்குப் போகிறவன் சொன்னதை ஒதுக்கிவிட்டுக் கரையில் இருப்பவன் முடிவெடுத்தான் என்பதில்தான் எல்லாமே தொடங்கியது.

கப்பலே இல்லை என்றால் அவ்வளவு பணம் எங்கே போனது?

ஒரு பகுதி இரும்பாகவும் வேலையாகவும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு பகுதி பழைய திட்டத்தின் கடனை அடைக்கப் போயிற்று என்று அந்தக் குழுவே சொன்னது. இன்னொரு பகுதி கிடங்கில் உட்கார்ந்திருந்தது. சுமார் 170 கோடி ரிங்கிட் பெறுமானமுள்ள சாதனங்கள், அவற்றில் 15 விழுக்காடு காலாவதியாகிவிட்டிருக்கும் என்றார்கள். கிடங்கில் வேலை பார்த்தவனுக்கு இதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

இரும்புச் சாமான் எப்படிக் காலாவதியாகும் என்று கேட்கிறார்கள். பம்புகளிலும் குழாய் இணைப்புகளிலும் போடுகிற ரப்பர் வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் மோதிரம் அளவுதான் இருக்கும். உறையிட்டு ஒட்டிய பொட்டலத்தில் வரும். வார்த்த தேதி உறைமேல் அச்சிட்டிருக்கும். அந்தத் தேதியிலிருந்து இத்தனை ஆண்டு என்று கணக்கு. கடந்துவிட்டால், பிரிக்காத பொட்டலமாக இருந்தாலும், கையில் எடுத்தால் புதிதுபோல் வளைந்து கொடுத்தாலும், அட்டையில் சிவப்புக் கோடு போட்டு ஒதுக்கிவிட வேண்டும். மின்னணுச் சாதனத்தின் கதை வேறு. அது கெடாது. ஆனால் செய்த கம்பெனி அடுத்த மாதிரிக்குப் போய்விட்டிருக்கும், பழைய மாதிரிக்குப் பழுது பார்க்க ஆள் இருக்காது. கப்பல் உடலே தயாராகாதபோது உள்ளே பொருத்தும் சாமானை முன்கூட்டியே வாங்கிக் குவித்தால் இதுதான் நடக்கும்.

இதுதான் முதல் தடவையா?

இல்லை. 1990-களில் 27 ரோந்துக் கப்பல்கள் என்று ஆரம்பித்த திட்டம், கெடா வகைக் கப்பல்கள் ஆறோடு நின்றது. அதுவும் லுமுட்தான்.

செம்பனை எண்ணெயைக் கொடுத்துப் போர் விமானம் வாங்கினோம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. 1990-களில் ரஷ்யாவிடமிருந்து வந்த 18 மிக்-29 விமானங்களின் விலையில் ஒரு பகுதி பாமாயிலாகப் போனது. போலந்து நாட்டிலிருந்து வாங்கிய 48 பெண்டேக்கார் டாங்கிகளுக்கும் அப்படியே. 2023-இல் லங்காவி ஆயுதக் கண்காட்சியில் தென்கொரியாவுடன் கையெழுத்தான 18 எஃப்.ஏ.-50 விமானங்களுக்கும் ஒரு பகுதியை எண்ணெயாகத் தருவதாகப் பேச்சு. அந்த ஒப்பந்தம் 92 கோடி அமெரிக்க டாலர், ஏறத்தாழ 400 கோடி ரிங்கிட்.

அப்படியானால் நம் செம்பனைக் குலைக்கு விலை கூடியிருக்க வேண்டுமே என்பது அடுத்த கேள்வி. டன் 4,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டு, முழு விலையையும் எண்ணெயாகவே கொடுத்தாலும் பத்து இலட்சம் டன்தான் ஆகும். மலேசியா ஓர் ஆண்டில் எடுப்பது சுமார் 180 இலட்சம் டன். பணம் பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் கட்டப்படுவது. ஆகவே ஆலை வாசலில் எழுதிப் போடும் குலை விலையில் பத்துக் காசு மாற்றம்கூடத் தெரியாது. கொரிய விமானக் கம்பெனிக்காரர் பீப்பாயோடு நிற்கப்போவதும் இல்லை. இடையில் ஒரு வியாபார நிறுவனம் எண்ணெயை எடுத்து விற்றுப் பணமாக்கும், அதற்குரிய கமிஷனையும் எடுத்துக்கொள்ளும்.

பிறகு எதற்கு இந்த ஏற்பாடு? கையிருப்பு டாலரைக் காப்பாற்றலாம், புதுச் சந்தை பிடிக்கலாம் என்பார்கள். ஓரளவு சரி. என் சந்தேகமெல்லாம் விலை வெளிச்சத்தில்தான். பணமாகக் கொடுத்தால் ஓர் எண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். பாதி பணம், பாதி எண்ணெய் என்றால் எந்தத் தேதி விலைக்கு எண்ணெயைக் கணக்கிட்டார்கள் என்பதிலேயே கணக்காய்வாளர் பாதி நாளைத் தொலைத்துவிடுவார். வெயிலில் குலை அறுத்தவனின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. ஆகவே அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை மற்ற எவரையும்விட நம் பட்டணத்துக்கு உண்டு.

ஏன் ரஷ்யா, அமெரிக்கா, பிரான்ஸ், சீனா, துருக்கி என்று கடைகடையாக ஏறி இறங்குகிறோம்? ஒரே இடத்தில் வாங்கினால் என்ன?

வெளியுறவுக் கொள்கைதான் காரணம், அதில் தர்க்கம் இருக்கிறது. 1971-இல் கோலாலம்பூர் பிரகடனம் தென்கிழக்காசியாவை அமைதியும் சுதந்திரமும் நடுநிலையும் உள்ள வட்டாரமாக அறிவித்தது. துன் அப்துல் ரசாக் 1974-இல் பெய்ஜிங் போய்ச் சீனாவுடன் உறவு ஏற்படுத்தினார், ஆசியானில் முதலாவதாக. எவர் பக்கமும் சாயாதே, எவரையும் பகைக்காதே என்பதே அன்று முதல் வழி. ஒரே நாட்டின் ஆயுதத்தை நம்பியிருந்தால், அந்த நாடு உதிரிப் பாகத்தை நிறுத்திவைத்து நம் வாயைக் கட்டிவிட முடியும். அதற்காகப் பல கடைகள்.

ஆனால் அந்த நடுநிலைக்குக் கிடங்குதான் விலை கொடுக்கிறது. விமானப்படையில் ரஷ்ய சுக்கோய், அமெரிக்க ஹார்னட், பிரிட்டிஷ் ஹாக். கடற்படையில் பிரெஞ்சு நீர்மூழ்கி, ஜெர்மன் வடிவமைப்பில் கெடா, சீனாவில் கட்டிய நான்கு கேரிஸ் வகைக் கப்பல்கள், அடுத்து துருக்கியிலிருந்து மூன்று கப்பல்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கையேடு, தனிக் கருவிப்பெட்டி, தனிப் பயிற்சி, தனி அலமாரி. ஒன்றின் போல்ட் இன்னொன்றில் ஏறாது. மாமியார் வீடு ஏழு வைத்துக்கொண்டவன் தீபாவளிக்குப் படும் பாடுதான்.

விளைவை 2018-இல் அப்போதைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு நாடாளுமன்றத்தில் ஒளிக்காமல் சொன்னார்: ரஷ்யாவிடமிருந்து வாங்கிய 28 விமானங்களில் பறக்கும் நிலையில் இருந்தவை நான்கு. பிறகு நம் ஆட்களே பழுதுபார்ப்பைக் கற்றுக்கொண்டு சுக்கோய்களை மீண்டும் எழுப்பினார்கள். அந்தச் செய்திக்குப் பத்திரிகைகள் அவ்வளவு இடம் ஒதுக்கவில்லை.

நடுநிலையை விட வேண்டாம், கடைகளைக் குறைத்தால் போதும் என்பது என் நிலை. கடற்படை '15-லிருந்து 5' என்று திட்டம் போட்டு, பதினைந்து வகைக் கப்பல்களை ஐந்தாகக் குறைக்க முடிவெடுத்ததும் இதற்காகத்தான். நல்ல திட்டம். எல்.சி.எஸ். தாமதத்தில் அதற்கும் சேர்த்தே அடி.

இந்தியாவின் தேஜஸ் விமானத்தை ஏன் வாங்கவில்லை? நம்மை ஒதுக்கிவிட்டார்களா?

இதை எரிச்சலோடு கேட்பவர்கள் நிறைய. நம்மைப் பார்த்து யாரும் ஒதுக்கவில்லை. கொரியாவின் எஃப்.ஏ.-50 தேர்வான அந்தப் போட்டியில் தேஜஸும் கடைசி வரை பேசப்பட்டது. சுக்கோய் விஷயத்தில் இந்தியா நமக்கு ஏற்கெனவே உதவியிருக்கிறது: 2008 முதல் இரண்டாண்டுகள் இந்திய விமானப்படையினர் கிளந்தான் பக்கம் கோங் கெடாக் விமானத் தளத்தில் தங்கி நம் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

கொரிய விமானம் கையில் தயாராக இருந்தது, பக்கத்து நாடான பிலிப்பைன்ஸ் ஓட்டிப் பார்த்திருந்தது. தேஜஸின் புதிய வகையில் 83 வேண்டும் என்று இந்திய விமானப்படையே 2021-இல் எழுதிக்கொடுத்துவிட்டு, முதல் விமானத்துக்குச் சொன்ன தேதி தாண்டியும் காத்திருந்தது. எஞ்சின் வரத் தாமதம் ஒரு பெரிய காரணம். சொந்தப் படைக்கே வரிசையில் நிற்கும் பொருளுக்கு நாமும் போய் வரிசையில் நிற்பதா?

இன்னொரு வேடிக்கை. தேஜஸ், எஃப்.ஏ.-50, நம்மிடம் 1997 முதல் உள்ள ஹார்னட் ஆகிய மூன்றுக்கும் எஞ்சின் ஒரே அமெரிக்கக் குடும்பம், எஃப்.404. கிடங்குக் கண்ணால் பார்த்தால் கொரியாவா இந்தியாவா என்ற சண்டையில் பாதி அமெரிக்காவுக்குத்தான் போகிறது.

வெளியுறவு விவகாரத்தில் தலைவர்கள் ஏதோ பேசினால் தோட்டத்துக்கு என்ன வந்தது?

2019 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் மகாதீர் ஐ.நா.வில் காஷ்மீர் பற்றிப் பேசினார். பிறகு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தையும் விமர்சித்தார். 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. நம் எண்ணெயின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவர். பேசியது சரியா தவறா என்று நான் இங்கே எடைபோடவில்லை. நியூயார்க்கில் ஒலித்த வார்த்தை ஆயர் தாவார் ஆலை வாசலுக்கு வந்து சேர நான்கு மாதம்கூட ஆகவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

சீனக் கப்பல் நம் கடலில் வந்து நிற்கிறது, நாம் ஏன் வாய் திறப்பதில்லை?

திறக்கிறோம், ஒலிபெருக்கி வைப்பதில்லை. சரவாக்கிற்கு அப்பால், பெட்டிங் பட்டிங்கி அலி திட்டுகளைச் சுற்றிச் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் பல ஆண்டுகளாக வட்டமிடுகின்றன. அங்கேதான் நம் எரிவாயு. 2021 மே 31-இல் 16 சீன விமானங்கள் சரவாக் கரைக்கு நெருக்கமாக வந்தபோது லாபுவானிலிருந்து ஹாக் விமானங்கள் எழும்பிப் போய்ப் பார்த்தன. வெளியுறவு அமைச்சு சீனத் தூதரை அழைத்து விளக்கம் கேட்டது. இன்னொரு பக்கம், 2009 முதல் நம் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளி சீனாதான். நாம் அந்த எரிவாயுவைத் தோண்டுவதை நிறுத்தவும் இல்லை, வீதியில் நின்று சண்டை போடவும் இல்லை. கோழைத்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகவே படுகிறது, ஒரு நிபந்தனையோடு: சத்தம் போடாதவன் கையில் ஓடும் நிலையில் கப்பலாவது இருக்க வேண்டும். 1979-இல் சேவைக்கு வந்த கே.டி. பெண்டேக்கார் என்ற போர்க்கப்பல் 2024 ஆகஸ்டில் ஜொகூர்க் கடலில் நீர் புகுந்து மூழ்கியது. நல்ல வேளை, 39 பேரும் தப்பினார்கள். நாற்பத்தைந்து வயதுக் கப்பலை அனுப்பிவிட்டு அமைதியான அரசதந்திரம் பேசினால் எதிரில் இருப்பவன் புன்னகைப்பான்.

சண்டை வந்தால் யார் உதவிக்கு வருவார்கள்?

பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், நாம் என ஐந்து நாடுகள் சேர்ந்த தற்காப்பு ஏற்பாடு 1971 முதல் இருக்கிறது. அதன் ஒருங்கிணைந்த வான் தற்காப்புத் தலைமையகம் பட்டர்வொர்த்தில். ஆனால் அதில் எழுதியிருப்பது ஆபத்து வந்தால் கூடிக் கலந்தாலோசிப்போம் என்பதுதான். ஓடிவந்து சண்டை போடுவோம் என்று எவரும் கையெழுத்துப் போடவில்லை.

நீர்மூழ்கிக் கப்பல் மூழ்காது என்று சிரித்தோமே?

2010-இல் ஒரு பழுது காரணமாகச் சில காலம் மூழ்க முடியவில்லை. சரிசெய்தார்கள். நம்மிடம் உள்ள இரண்டு நீர்மூழ்கிகளும் சபா செப்பாங்காரில் இருக்கின்றன, மூழ்குகின்றன. அந்த நகைச்சுவைக்கு வயதாகிவிட்டது.

பழைய பொருளை மலிவாக வாங்கினால் தப்பா? நாம் பழைய லாரி வாங்குவதில்லையா?

பழையது என்பதாலேயே தப்பில்லை. யார் சோதித்தார், உதிரிப் பாகம் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும், இடையில் எத்தனை கை மாறுகிறது என்பவைதான் கேள்விகள். 1980-களில் அமெரிக்கப் பாலைவனத்தில் நிறுத்திவைத்திருந்த ஸ்கைஹாக் விமானங்கள் 88 வாங்கினோம். சீரமைத்து இங்கே பறந்தவை 40. 2023-இல் நான்கு பிளாக்ஹாக் ஹெலிகாப்டர்களை வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். ஹெலிகாப்டர் வரவில்லை, ஒப்பந்தத்தை 2024-இல் ரத்து செய்தார்கள். 2025 ஆகஸ்டில் மாமன்னர் சுல்தான் இப்ராஹிம் மெர்சிங்கில் படையினர் முன்னிலையில், பழைய ஸ்கைஹாக் தவற்றைத் திரும்பச் செய்யாதீர்கள், விமானிகளைப் பறக்கும் சவப்பெட்டியில் ஏற்றப்போகிறீர்களா என்று கடிந்துகொண்டார். அமைச்சில் நிறைந்திருக்கும் தரகர்களையும் சாடினார். மாமன்னரே அப்படிப் பேசிய பிறகு நான் சேர்க்க அதிகமில்லை.

தரகர் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. என் காலத்தில் ஒரு சாதாரண வடிகட்டிக்கு எழுதிப் போட்டால், செய்த கம்பெனிக்குக் கடிதம் போகாது. உள்ளூரில் ஒரு சப்ளையர், அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் வெளிநாட்டில் ஒரு முகவர். பொட்டலம் வரும்போது அதன்மேல் ஒட்டிய விலாசங்களைப் பிரித்தாலே எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எண்ணிவிடலாம். ஒரு தடவை கேட்டது கப்பல் பம்புக்கு, வந்தது வேறு ரக எஞ்சினுக்கு. திருப்பி அனுப்பி மறுபடி வரும்வரை பக்கத்துக் கப்பலிலிருந்து கழற்றிப் பூட்டினோம். அந்தப் பக்கத்துக் கப்பல் அதனால் கரையிலேயே நின்றது.

இந்தப் பணத்தில் எத்தனை தமிழ்ப்பள்ளி கட்டலாம்?

நிறையக் கட்டலாம். தோட்டத்து லயன் வீடுகளின் நிலையைப் பார்த்தவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2025-இல் தற்காப்புக்கு ஒதுக்கிய 2,100 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட தொகை, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு விழுக்காட்டை ஒட்டியதுதான். சிங்கப்பூர் இதைவிடப் பல மடங்கு செலவழிக்கிறது. அதிலும் பெரும் பங்கு சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் போகிறது. 2013-இல் சபாவின் லகாட் டத்துவில் ஆயுதக் கும்பல் படகில் வந்து இறங்கியதை நினைத்தால் படையே வேண்டாம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. கப்பலுக்குக் கொடுத்துக் கப்பல் வராமல் போன பணத்தை வைத்துப் பள்ளிக் கணக்குப் போடுங்கள், அதில் நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

படையில் நம்மவர்களுக்கு இடமுண்டா? பையனைச் சேர்க்கலாமா?

மலேசியக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் மலேசியரே ஒரு தமிழர்: கே. தனபாலசிங்கம், 1967 முதல் 1976 வரை. இன்று நம்மவர் எண்ணிக்கை குறைவு. பதவி உயர்வு பற்றிய மனக்குறைகளை நானும் கேட்டிருக்கிறேன், எல்லாமே கற்பனை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் எஞ்சின், மின்சாரம், ராடார் என்று ஒரு தொழிலைக் கையில் கொடுத்து அனுப்பும் இடம் அது. ஐந்தாம் படிவத் தேர்வில் மலாய், கணிதம், அறிவியல் மூன்றையும் ஒழுங்காகத் தேறச் சொல்லுங்கள். நீச்சலும் பழகட்டும். கண் பார்வைச் சோதனையை இப்போதே பண்ணிவிடுங்கள், பலர் அங்கேதான் திரும்பி வருகிறார்கள்.

சரி ஐயா, உங்களிடம் பணத்தைக் கொடுத்தால் எதை வாங்குவீர்கள்?

முதலில் இருக்கிற கப்பல்களுக்கு மூன்று ஆண்டுக்கான உதிரிப் பாகம், செய்த கம்பெனியிடமிருந்து நேரடியாக. அடுத்து கடல் கண்காணிப்பு விமானம். 2023-இல் இத்தாலியிடம் கேட்ட இரண்டு ஏ.டி.ஆர்.-72 சரவாக், சபா கரைகளுக்கு அப்பால் உள்ள கடலுக்குப் போதவே போதாது, இன்னும் இரண்டு வேண்டும். மூன்றாவது, 1968 முதல் சுமந்த நூரி ஹெலிகாப்டர்கள் 2020-இல் ஓய்ந்துபோனதால் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்பப் புது ஹெலிகாப்டர்கள், வாடகைக்கு அல்ல. பெரிய போர் விமானம் நான்காவதாக வரட்டும். கண்காட்சியில் அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு இந்தப் பட்டியல் பிடிக்காது.